தாலிக்கொடியில் ஒரு சுவிஸ் சுரை

1

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் கபிலனுக்குத் திருமணமாகி ஓராண்டு நிறைவுற்றது. பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். உணவுக்குச் சற்று முன்பாகத் தொலைபேசி ஒலித்தது. யேர்மனியில் ஞாயிறு நண்பகலில் அழைப்பவர் தமிழராகவே இருப்பார். யேர்மானியர் அந்த வேளையில் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை. என் மனைவி மனோ எடுத்தாள்.

ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பெண்மணி. எங்களுக்கு நேர்ப்பழக்கம் இல்லாதவர். தம் மகனுக்குத் திருமணம் ஒழுங்காகியிருப்பதாகவும், கபிலனின் திருமண ஒளிப்பதிவை யாரோ காட்டியதாகவும், அதில் கண்ட தாலிக்கொடியைப் போன்ற ஒன்றைத் தாமும் செய்விக்க விரும்புவதாகவும் கூறினார். மனோ வழக்கம்போல ஒலிபெருக்கியை அழுத்தியிருந்தபடியால் நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னர் அவர் கேட்டார்:

"அக்கா, உங்கட பத்தர் ஆர்?"

பத்தர் என்பது பொற்கொல்லருக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் மரியாதைப் பெயர். கேள்வியும் எளியது. ஆனால் மனோ தொலைபேசியைப் பிடித்தபடி மறுமொழி கூறாது நின்றாள். மேசையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் மகள் ஆரணியும் கையில் இருந்த கோப்பையை வைக்காமல் நின்றாள். ஊரிலிருந்து இதனை வாசிப்போருக்கு அந்த அமைதி விளங்க வேண்டுமாயின், சில ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

2

நாங்கள் வாழும் சிங்கன் என்னும் நகரம் யேர்மனியின் தென்கோடியில், சுவிற்சர்லாந்து எல்லைக்கு அருகில் இருக்கிறது. அருகில் என்பதன் பொருள், ரொட்டியை இங்கே வாங்கிச் சம்பளத்தை அங்கே வாங்கலாம் என்பதாகும். அவ்வாறு நாள்தோறும் வேலைக்குச் சென்று மீள்வோரை யேர்மன் மொழியில் எல்லை நடப்போர் என்கின்றனர். அவர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டும் தனி வரிவிதியும் உண்டு. நானும் ஒரு காலத்தில் எல்லை நடந்தவன். ஆனால் அது காட்டு வழியாக, எவரும் அறியாமல் நடந்தது. அதற்கு வேறு பெயர், வேறு விண்ணப்பம். இப்பொழுது நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளனாகத் தொழில் புரிகிறேன்.

ஆரணி உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றாள். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போதுமான பெறுபேறு. அதனை வைத்துக்கொண்டு அவள் பொற்கொல்லர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள்.

அன்று மனோ அழவில்லை. சமையலறையைத் துடைத்தாள். துடைத்து முடித்தபின், "அவுஸ்பில்டுங் எண்டது படிக்கேலாத பிள்ளையளுக்கெல்லோ?" என்று என்னிடம் கேட்டாள். தொழிற்பயிற்சி என்பது இந்நாட்டில் மதிப்புக்குரியது என்று விளக்கினேன். அவளுக்கு அது தெரியும். அவள் கேட்காமல் விட்ட கேள்வி வேறு. எந்தத் தொழிலை எவர் வீட்டுப் பிள்ளை செய்யலாம், எவர் வீட்டுப் பிள்ளை செய்யலாகாது என்பது நாங்கள் கடல் கடந்தபோது கூடவே வந்த பொதிகளுள் ஒன்று. ஏனைய பொதிகள் வழியில் தொலைந்தன. இது தொலையவில்லை. நகை அணிவது நம்மவர்க்குப் பெருமை. நகை செய்வது மற்றொருவர் வேலை. இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் கற்பிக்க எங்களுள் ஒருவராலும் இயலாது. ஆயினும் அதனைக் கைவிட எவரும் முதல்வராக விரும்புவதுமில்லை.

போர்ஸ்ஹைம் நகரில் பயிற்சியை முடித்த ஆரணி, எல்லைக்கு அப்பால் உயர்தரக் கைக்கடிகாரங்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் சேர்ந்தாள். முதலில் மணி பதிக்கும் வேலை; பின்னர் கடிகாரத்தின் உள்ளுறுப்புகளுக்கு மெருகிடும் வேலை. உறவினர் வினவியபோது மனோவுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'நுண்பொறி அணியியல்' என்ற தொடரை நான் ஆக்கிக் கொடுத்தேன். பிழையற்ற தொடர், எவருக்கும் விளங்கவில்லை. "மகள் சுவிஸில நுண்பொறி அணியியல் செய்யிறா" என்று அவள் கூறும்பொழுதெல்லாம் கேட்டவர்கள் தலையை அசைத்தார்களே தவிர, மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. என் தமிழ் இக்குடும்பத்துக்குப் பயன்பட்ட மிகச் சில தருணங்களுள் அதுவும் ஒன்று.

3

அந்தப் பட்டறையில் ஆண்டுக்கொருமுறை ஊழியரின் குடும்பத்தினரை அழைத்துக் காட்டுவார்கள். நாங்களும் சென்றோம். சப்பாத்துகளின்மேல் உறை அணியச் சொன்னார்கள். மேசைகள் மார்பளவு உயரமானவை. முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, மூச்சையும் அளந்து விட்டபடி வேலை செய்கிறார்கள். தும்மல் வந்தால் வெளியே போக வேண்டும் என்று ஆரணி கூறினாள். நகைச்சுவையாகக் கூறுகிறாள் என்று எண்ணினேன். அப்பொழுது ஒருவர் எழுந்து வெளியே போனார்.

ஆரணியின் மேசையில் நகத்தளவு கொண்ட ஒரு தகடு இருந்தது. கடிகாரத்தின் சக்கரங்களை அவற்றின் இடத்தில் தாங்கும் தகடு. அதன் விளிம்புகளை அவள் சரிவாக அராவி, மலைச்சாரலில் வளரும் ஒரு செடியின் காய்ந்த தண்டினால் தேய்த்து மெருகிடுகிறாள். இயந்திரம் ஏன் செய்வதில்லை என்றேன். விளிம்பு உள்நோக்கி மடியும் மூலையில் இயந்திரத்தின் சக்கரம் நுழையாது, மூலை மழுங்கிவிடும், கை மட்டுமே அதனைக் கூராக விடும் என்றாள். கூரான அந்த மூலையைப் பார்த்துத்தான் அறிந்தவர்கள் ஒரு கடிகாரத்தை மதிப்பிடுவார்களாம். உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்த்தேன். தகட்டைச் சற்றே சாய்த்தபோது விளிம்பு முழுவதும் கறுத்தது. இன்னும் சாய்த்தபோது முழுவதும் வெளுத்தது. இடைப்பட்ட நிறம் ஒன்றும் இல்லை. மெருகு சரியாயின் அவ்வாறுதான் இருக்குமாம்.

தகட்டைப் புரட்டினாள். அடிப்பக்கத்திலும் நுண்ணிய வட்டங்கள் ஒன்றையொன்று தழுவியபடி வரிசையாகக் கிடந்தன.

"இந்தப் பக்கம் மணிக்கூட்டைக் கட்டியிருக்கிறவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"விக்கிறவருக்கு?"

"அவருக்கும் தெரியாது, அப்பா."

"அப்ப ஆருக்கு?"

"அடுத்தமுறை திறக்கிற ஆளுக்கு. அப்ப நான் இருப்பனோ தெரியாது."

இதனை அவள் பெருமையாகவோ உருக்கமாகவோ கூறவில்லை. பேருந்து வரும் நேரத்தைக் கூறுவதுபோலக் கூறினாள்.

மனோ எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்த வெள்ளைக் கோட்டை எல்லாருக்கும் குடுக்கிறவையோ?" எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் என்று அறிந்தபின், ஆரணியை அந்த வெண்ணிற மேலங்கியுடன் சாளரத்தருகே நிறுத்திப் படம் எடுத்தாள். மேசையும் கருவிகளும் படத்தில் விழவில்லை. அன்று மாலையே அந்தப் படம் ரொறன்ரோ, இலண்டன், வவுனியா ஆகிய இடங்களுக்குச் சென்றது. விளக்கம் எதுவும் எழுதப்படவில்லை. பார்த்தவர்கள் தாமாக எண்ணிக்கொள்வதற்கு நாங்கள் பொறுப்பல்லர்.

4

கபிலனுக்கும் சிந்துவுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. எங்கள் வழக்கில் தாலி மணமகன் வீட்டார் பொறுப்பு. நல்ல நாளில் மணமகன் வீட்டில், உற்றார் முன்னிலையில் பொற்காசு ஒன்றை உருக்க வேண்டும். அதற்குப் பொன்னுருக்கு என்று பெயர். அந்தப் பொன்னைக் கொண்டே தாலி செய்யப்படும். உருக்குபவர் பத்தர். எங்கள் உறவினர் எல்லோருக்கும் கொடி செய்த பத்தர் பாரிசில் இருந்தார். கண் சத்திர சிகிச்சையின் பின் அவர் பயணம் செய்வதில்லை. காசை நீங்களே உருக்குங்கள், நான் காணொளியில் மேற்பார்வை செய்கிறேன் என்று அவர் முன்வந்தார்.

அப்பொழுது கபிலன், "எங்கட வீட்டிலயே ஒரு கோல்ட்ஷ்மீட் இருக்கேக்க ஏன் பாரிசுக்குப் போறியள்?" என்றான்.

அவனுடைய தமிழ் அரைகுறை. கணினி நிரல் எழுதுபவன். குடும்பத்தில் எவரும் பேசாத விடயத்தை எளிதாகப் பேசிவிடுவான். என்ன பேசாமல் இருக்கிறோம் என்பதை அறிவதற்கும் மொழிப்புலமை வேண்டும் போலும்.

மனோவின் முதல் தடை சாத்திரத்தின் வழியாக வந்தது. கலியாணமாகாத தங்கை தமையனுக்குத் தாலி செய்யலாமா? கோவில் ஐயரைக் கேட்டோம். அவர் நெடுநேரம் சிந்தித்து, நேரத்தைப் பற்றித்தான் விதி இருக்கிறது, உருக்குகிற ஆளைப் பற்றித் தாம் எங்கும் வாசித்ததில்லை என்றார். இரண்டாவது தடை கனடாவிலிருந்து வந்தது. மனோவின் தமக்கை, பிள்ளைகளுக்குப் பெரியம்மா, திருமணத்துக்கென்று முன்கூட்டியே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருக்கு உண்மைகள் அனைத்தும் தெரியும். குடும்ப மானத்தின் பொருட்டு வெளியில் கூறுவதில்லை. "நாளைக்குச் சபையில கேட்டா என்ன சொல்லப் போறாய்?" என்று தங்கையைக் கேட்டார்.

ஆரணிக்கு இவை எல்லாம் காதில் விழுந்தன. எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அவள் வந்து தாயின் முன் அமர்ந்தாள்.

"செய்து தாறன், அம்மா. கூலி வேண்டாம். ஆரும் கேட்டா என்ர பேரைச் சொல்லோணும். அவ்வளவுதான்."

"பாப்பம்" என்றாள் மனோ.

யாழ்ப்பாணத்தில் மறுப்பதற்கு இதைவிடக் கண்ணியமான முறை இல்லை. ஆரணிக்கும் அது தெரியும். இருந்தும் ஒப்புக்கொண்டாள்.

பொன்னுருக்கு எங்கள் வரவேற்பறையில் நடைபெற்றது. வாடகை ஒப்பந்தத்தின்படி திறந்த நெருப்புக்கு அனுமதியில்லை. கபிலன் கூரையிலிருந்த புகையுணரியைக் கழற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்தான். ஆரணி பட்டுச்சேலையின்மேல் தோல் ஏப்ரனும் கண்களுக்குக் காப்புக் கண்ணாடியும் அணிந்திருந்தாள். நிறைகுடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே பொன் உருக்கும் கிண்ணமான மூசையை வைத்து, சுவாலையைக் கூர்மையாக்கிக் காசின்மேல் பிடித்தாள். பொன் முதலில் கலங்கியது. பின் ஒரு துளியாகத் திரண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஒளிர்ந்தது. அந்தக் கணத்தில் குளிர்பெட்டிக்குள் இருந்து கருவி மின்கலம் குறைந்துவிட்டது என்று ஒருமுறை கீச்சிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. பெரியம்மா அதனைப் பல்லிச் சொல்லாகக் கொள்வதா என்று சற்று யோசித்துப் பின் விட்டுவிட்டார்.

5

தாலியையும் கொடியையும் ஆரணி பட்டறையிலேயே, வேலை நேரத்துக்குப் பின், தலைமைக் கைவினைஞரின் அனுமதியோடு செய்தாள். ஆதலால் எங்கள் வரவேற்பறையில் உருகிய பொன் சுவிற்சர்லாந்துக்குச் சென்று, தாலியாகி, யேர்மனிக்கு மீள வேண்டியிருந்தது. யேர்மன் சுங்கத்தில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பொருளொன்று வெளிநாடு சென்று பண்பட்டுத் திரும்புவதை அவர்கள் மேன்மையுறுதல் என்னும் பொருள்பட அழைக்கின்றனர். எங்கள் தாலியும் சட்டப்படி மேன்மையுற்றது.

மீளும்போது அது என்ன பொருள் என்று சுங்க அலுவலர் வினவினார். நானும் உடன் சென்றிருந்தேன். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளன் என்ற தகுதியில் தாலிக்கு நான்கு வாக்கியங்களில் இலக்கணம் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய பட்டியலில் தாலி இல்லை. திருமண மோதிரம் இருந்தது. எடை சற்று மிகுந்த ஒரு மோதிரமாகவே அது எல்லையைக் கடந்தது.

வேலைப்பாட்டைப் பற்றி நான் அதிகம் கூறத் தகுதியற்றவன். எங்கள் வழக்கிலுள்ள கொம்புத் தாலி. முன்பக்கத்தைப் போலவே, நெஞ்சைத் தொடும் பின்பக்கமும் மெருகிடப்பட்டிருந்தது. கொடியின் ஒரு கண்ணிக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு காண இயலவில்லை. ஆனால் அவள் மிகுந்த காலம் செலவிட்டது சுரையில். நமது கொடியின் இரு முனைகளும் பின்கழுத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரு திருகும், அதனை ஏற்கும் சுரையும் இருக்கும். மணமகன் முன்னின்று கொடியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் அங்கே பூட்டுவான். ஆரணி அந்தத் திருகைக் கடிகாரத் திருகாகவே செய்திருந்தாள். அதன் புரிகள் மயிரிழை இடைவெளியில் நெருங்கியிருந்தன. பூட்டியபின் இணைப்பு எங்கே என்று விரல் நகத்தால்கூடத் தேட முடியவில்லை. தலைமைக் கைவினைஞர் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, 'சுத்தம்' என்று மட்டும் கூறினாராம். அதற்கு மேலான பாராட்டு அந்தப் பட்டறையில் வழக்கத்தில் இல்லை.

அவள் தன் மேசையில் இருந்தபடி அதனைப் பலமுறை பூட்டித் திறந்து சோதித்தாள். ஒருமுறையும் பிழைக்கவில்லை. அந்த மேசையில் பூமாலையும் இல்லை, மணப்பெண்ணின் சடையும் இல்லை, கபிலனின் கைகளும் இல்லை.

மண்டபத்தில் திருமணத்துக்கு முன்பே கொடியைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். எங்கே செய்தது என்று கேட்டார்கள்.

"சுவிஸில செய்விச்சது" என்றாள் மனோ.

சுவிஸ் என்ற சொல்லுக்கு நல்ல மதிப்பு இருந்தது. எவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆரணி அருகில் தட்டைத் தாங்கியபடி நின்றாள். தட்டில் கொடி இருந்தது.

6

முகூர்த்தம் வந்தது. ஐயர் கையைக் காட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. எங்கள் வழக்கப்படி மணமகனின் தங்கை தோழியாக மணமகளின் பின்னால் நிற்பாள். ஆரணி சிந்துவின் சடையை ஒதுக்கிப் பிடித்திருந்தாள். கபிலன் முன்னால் நின்று, இரு மாலைகளுக்கும் மேலாகக் கைகளை நீட்டித் திருகைச் சுரையில் வைத்துத் திருகினான். அது பிடிக்கவில்லை. மீண்டும் திருகினான். சபையினர் அட்சதையாக அறுகரிசியைத் தூவினார்கள். கெட்டிமேளம் தொடர்ந்தது.

சில திருமணங்களில் இவ்வாறு சற்றுத் தாமதிப்பதுண்டு. ஆனால் கபிலன் இப்பொழுது பலத்தைப் பிரயோகிக்கத் தொடங்கியிருந்தான். பொன் மென்மையான உலோகம். புரி கோணலாக ஏறினால், அதன்பின் அந்தச் சுரை எக்காலத்திலும் பூட்டாது. மணவறையில் தாலி பூட்டாமல் நின்ற பெண் என்று சிந்துவை இந்தச் சபை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதை நான் கூற வேண்டியதில்லை. ஆரணி திருகின் அருகே குனிவதை முன்வரிசையிலிருந்து கண்டேன்.

"அண்ணா, திருகாத. பிடிச்சுக்கொண்டு நில்" என்றாள். உதடுகளின் அசைவிலிருந்தே அறிந்தேன்.

அவன் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தான். அவள் விரல்களை அங்கே கொண்டுபோனாள். கடிகாரக்காரர்கள் நுண்ணிய திருகை முதலில் முன்னே திருகுவதில்லை; பின்னோக்கித் திருப்புவார்கள். புரி தன் வாயிலில் விழும்போது விரலில் ஒரு சிறு துடிப்புத் தெரியும். அதன் பிறகே முன்னோக்கி. இதனைப் பின்னர் அவளே எனக்கு விளக்கினாள். ஆனால் மணவறை பலகையால் ஆனது. அருகிலேயே இரண்டு தவில்கள். பலகை துடித்தது, சிந்துவின் கழுத்து துடித்தது, கொடியும் துடித்தது. எந்தத் துடிப்பு எதனுடையது என்று அவளால் அறிய இயலவில்லை.

ஆரணி இடக்கையை உயர்த்தினாள்.

தவில்காரர்கள் பூட்டியாயிற்று என்று எண்ணினார்களோ, அந்தக் கையில் அவர்கள் கண்ட உறுதிதான் காரணமோ, அறியேன். மேளம் நின்றது. தாலி ஏறும் வேளையில் தீய ஒலி எதுவும் காதில் விழலாகாது என்பதற்காகவே கெட்டிமேளம். அது நின்றபோது மண்டபத்தில் விழுந்த அமைதியில் எவரோ ஒருவர் தும்மாமல் இருப்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டதை நானே கண்டேன். ஆரணி கண்களை மூடினாள். விரல்கள் பின்னோக்கிச் சென்றன. நின்றன. பின்னர் முன்னோக்கி, அவசரமின்றி, இறுதிவரை.

அவள் தவில்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். கெட்டிமேளம் இரண்டாம் முறை முழங்கியது. தூவுவதற்கு எவரிடமும் அறுகரிசி மிச்சமிருக்கவில்லை.

7

உணவு மண்டபத்தில் பெரியம்மா, "கெட்டிமேளம் நிண்ட கலியாணத்தை இப்பத்தான் பாக்கிறன்" என்றார். சற்றுப் பொறுத்து, "பத்தரிட்டக் குடுத்திருந்தா இப்பிடி வந்திருக்குமோ?" என்றார்.

மனோ தலை குனிந்தாள். ஆரணி பக்கத்து இருக்கையில் இருந்தாள்.

"வந்திராது, பெரியம்மா" என்றாள். "பத்தர்மார் சுரையை லூசா விடுவினம். அது வேலை தெரியாமல் இல்லை. மாப்பிள்ளையின்ர கை நடுங்கும் எண்டு அவைக்குத் தெரியும். நான் கழுத்துக்குச் செய்யேல்லை. மேசைக்குச் செய்துபோட்டன்."

பெரியம்மா பாயாசத்தை எடுத்துக்கொண்டார். மனோ மட்டும் மகளை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே இருப்பவளைப் புதிதாகக் காண்பவள்போலப் பார்த்தாள்.

சுரையை மாற்றித் தருவதாக ஆரணி சிந்துவிடம் கூறினாள். சிந்து இசையவில்லை. தாலிக்கொடியைக் கழற்றலாகாது என்பது வழக்கு. திருமணம் முடிந்ததும் வங்கிப் பெட்டகத்தில் வைப்பது நடைமுறை. சிந்துவால் இரண்டாவதைக் கடைப்பிடிக்க இயலவில்லை. சுரையைக் கபிலனாலும் திறக்க முடியவில்லை. ஆரணி விடுமுறையிலிருந்து திரும்பும்வரை அவள் அந்தப் பாரமான கொடியை அணிந்தபடியே மருந்தகத்தில் வேலைக்குச் சென்று வந்தாள். அயலவர் அவளை மிகுந்த பக்தியுடையவள் என்று பேசிக்கொண்டனர்.

ஓராண்டு காலமும் கேட்டவர்களுக்கு மனோ 'சுவிஸில செய்விச்சது' என்றே கூறிவந்தாள். ஆரணி தன் நிபந்தனையை ஒருமுறையும் நினைவூட்டவில்லை. அவளுடைய தொழிலில் பூட்டாத திருகை எவரும் அழுத்துவதில்லை.

8

ஆகவே, கடந்த ஞாயிற்றுக்கிழமை.

"அக்கா, கேக்குதோ? உங்கட பத்தர் ஆரெண்டு கேட்டனான். சுவிஸில எண்டு சொல்லிச்சினம். டெலிபோன் நம்பர் இருக்கோ?"

மனோ என்னைப் பார்த்தாள். என்னிடம் இன்னொரு தொடர் இருக்கக்கூடும் என்று எதிர்பார்த்தாளோ, தெரியாது. என்னிடம் இருக்கவில்லை. பின்னர் அவள் கபிலனைப் பார்த்தாள், கொடி அணிந்திருந்த சிந்துவின் கழுத்தைப் பார்த்தாள், ஆரணியைப் பார்க்கவில்லை.

"பத்தர் சுவிஸில வேலை செய்யிறா" என்றாள். "இருக்கிறது எங்கட வீட்டில."

"வீட்டிலயோ?"

"ஓம். என்ர மகள்."

மறுமுனையில் பேச்சு நின்றது. ஹம்பேர்க்கிலிருந்து சிங்கன்வரை யேர்மனியின் முழு நீளமும் அந்த இடைவெளியில் கிடந்தது. வேறொரு நாளாயின் மனோ அதனை ஏதேனும் ஒரு சொல்லால் நிரப்பியிருப்பாள். நுண்பொறி அணியியல் கைவசம் இருந்தது. வெள்ளைக் கோட்டும் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

"அப்ப... மகளின்ர பேர் என்ன, அக்கா?" என்றார் அந்தப் பெண்மணி.

"ஆரணி."

ஆரணி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். ஓசை எழவில்லை.

"சனிக்கிழமையள்ளதான் வீட்டில நிப்பா. நேரம் கேட்டு டெர்மின் எடுத்துப்போட்டு வாங்கோ" என்றாள் மனோ. பின்னர் மகளின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, குரலைச் சற்றே தாழ்த்தி, "சுரையை மட்டும் கொஞ்சம் லூசாச் செய்யச் சொல்லுறன்" என்றாள்.